கூடத்துக்கு நடுவே கதவில்லை

14 மார்ச் 1937, ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்.

புது மாதிரி வீடு என்று கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கதவே வைக்காமல் அகலமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். பழைய குவார்ட்டர்ஸில் ஆண்கள் பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். இன்று கிள்ளானிலிருந்து இவருடைய அண்ணன் வந்து, எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொன்னார். எனக்கு மறைந்து நிற்க இடமில்லை. காப்பித் தட்டோடு எல்லாருக்கும் தெரியும்படி நின்றேன்.

"உள்ள போ" என்றார் இவர்.

"எங்கங்க போறது? எங்க நின்னாலும் தெரியுதே" என்று தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணனைப் பார்த்து, "அத்தான், அவ படிக்கட்டும்" என்றேன்.

அண்ணன் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

இவர் நாளைக்கே தச்சனைக் கூப்பிட்டு அங்கே கதவு போடப் போகிறாராம். போடட்டும். இனி நான் கூடத்துப் பக்கம்தான் உட்காருவேன்.