வெளிச்சுவரில் ஒரு எலிக்கூடு

கிழக்குச் சரிவுக் குடியிருப்பு, செவ்வாய். வீடு 9.

நாள் 41. காலை 7:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. புழுதிப் புயல் நிற்கவில்லை, வண்டிகள் ஓடவில்லை. வீட்டில் நான் (பிரகாசி), லூர்து மதினி, அவளுடைய கைக்குழந்தை. அண்ணன் பெர்க்மான்ஸ் பனிச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

எலி: விடியும்போது பாப்பா வீறிட்டாள். குதிகாலில் இரண்டு பல் தடம். மதினி அவளை மடியை விட்டு இறக்க மறுக்கிறாள்.

தானியக் கப்பலில் வந்த எலிகள். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே குடியிருக்கின்றன. உள்சுவரெல்லாம் அவை கடித்த துளைகள். அந்த இடுக்கில் என் உடம்பு நுழையும். மதினியின் உடம்பு நுழையாது.

நாள் 41. காலை 9:00

நிலையத்தில் ரேடியோ பார்க்கும் வியாகுலம் அண்ணன் கூப்பிட்டார். எனக்கு ரேடியோவில் பேசக் கூச்சம். தட்டச்சு செய்துதான் பதில் அனுப்புவேன்.

“ஏ பிரகாசி, இருக்கியாட்டி? வாயத் தொறந்தா முத்து உதிந்துருமா? எலிகூட கீச்சுன்னு ஒரு சத்தம் குடுக்கும்.”

பாப்பாவை எலி கடித்துவிட்டது என்று அனுப்பினேன்.

“அய்யோ. மொதல்ல கூட்டப் பிடுங்கிப் போடு. கூடு கெடந்தா எத்தன ஓட்டைய அடச்சாலும் வந்துக்கிட்டேதான் இருக்கும். பெறவு கம்பி நாரத் திணி. பாத்திரம் தேய்ப்போமே, அதான். கடிச்சா பல்லு கூசும்.”

மதினி மைக்கைப் பிடுங்கினாள். “அண்ணே, பேரச் சொல்லாதிய. அதுக்குக் காது கேக்கும். துணி பூராத்தையும் கடிச்சு வச்சிரும்.”

“சரிம்மா. அந்தப் பெரிய மனுசரக் குடும்பத்தோட காலி பண்ணச் சொல்லு.”

நாள் 41. மாலை 3:30

கூடு கிடைத்தது. வெளிச்சுவரின் அடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால். பாப்பாவின் துணி, என் பழைய பாவாடை, பாய்க்கோரை எல்லாம் பஞ்சு போலக் கடித்து, மூத்திரத்தில் நனைந்து, கல்லாக உறைந்திருந்தது. திருப்புளியால் நெம்பித்தான் எடுத்தேன்.

உள்ளே ஆறு குஞ்சுகள். கண் திறக்காதவை. எல்லாவற்றையும் குப்பை எரிக்கும் உலையில் போட்டேன். கதவை மூடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கூட்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு கீறல். பல் தடம் என்று நினைத்தேன். அதிலும் கம்பி நார் திணித்தேன்.

நாள் 42. காலை 6:40

எலி வரவில்லை. அழுத்தமானி கொஞ்சம் இறங்கிக் காட்டுகிறது.

வியாகுலம் அண்ணன்: “மீட்டர் வயரக் கடிச்சிருக்கும். போற போக்குல ஒனக்கு ஒரு சீதனம்.”

சிரித்தேன். மதினிக்குக் காது அடைக்கிறதாம். பாப்பா பால் குடிக்கவில்லை.

நாள் 42. காலை 11:20

மீட்டரில் கோளாறு இல்லை.

பாப்பாவின் பவுடரை உள்சுவர் ஓரமாகத் தூவிப் பார்த்தேன். ஒவ்வொரு துளையும் அதை உள்ளே இழுத்தது. இடுக்கில் புகுந்து பார்த்தேன். நான் பார்த்தது பல் தடம் அல்ல, விரிசல். வெளியே வரை போகிறது. கம்பி நார் எலியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. இத்தனை நாள் எங்கள் காற்றைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கூடு.

வெளியே போகும் உடை ஒன்றுதான் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அப்படி உடை செய்வதே இல்லை.

வியாகுலம் அண்ணன் கேலி பேசவில்லை. “புயல் கொஞ்சம் தணியட்டும், நாளைக்கு வண்டி வந்துரும். அதுவர எப்பிடியாவது அடச்சு வையி மக்கா.”

நாள் 42. மதியம் 2:05

இடுக்கில் இருக்கிறேன். வெளியே போகும் உடையைப் போட்டால் இதில் நுழைய முடியாது. ஒட்டுப்பசை இந்தக் குளிரில் இறுகவில்லை, வழிந்துவிட்டது. ஈரத்துணி உறைந்து நிற்கிறது. ஆனால் மடித்த துணி விரிசலுக்குள் போகாது. பல்லால் கிழித்து, மென்று, நூல்நூலாகத் திணிக்கிறேன். போர்வை முடிந்தது. இப்போது என் மேல்சட்டை.

காய்ந்தால் விரிசல் விசிலடிக்கிறது. மறுபடி வாயால் நனைக்க வேண்டும். அதனால் இங்கேயே இருக்க வேண்டும். மதினி இடுக்கின் வாயில் வைத்த வெந்நீர் என் கைக்கு எட்டவில்லை.

நாள் 42. மாலை 5:50

அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. விரல்களால் தட்டச்சு செய்ய முடியவில்லை; இந்தக் குறிப்பையும் மெல்லச் சொல்லித்தான் பதிகிறேன். கையோடு கொண்டுவந்த ரேடியோவில் வாய் திறந்து பேசினேன்.

“அண்ணே. காத்து வெளிய போறது நின்னுட்டு.”

வியாகுலம் அண்ணன்: “ஏட்டி, ஒன் கொரலு இப்பிடித்தான் இருக்குமா?”

மதினி: “பாப்பா பால் குடிச்சிட்டா பிரகாசி. நீ வெளிய வா. போதும், வா.”

“இந்தா வாரேன் மதினி.”

நாள் 42. நேரம் தெரியவில்லை

வர முடியாது. அழுத்தும்போது இடது கை விரல்களும் துணியோடு உறைந்துவிட்டன. இழுத்தால் அடைப்பும் சேர்ந்து வரும். ஒரு முறை இழுத்தேன். விசில் கேட்டது. விட்டுவிட்டேன்.

மதினியிடம் சொல்லவில்லை. சொன்னால் நுழையப் பார்ப்பாள், பாப்பாவைக் கீழே விடுவாள்.

தாய் எலி வந்திருக்கிறது. குஞ்சுகள் இருந்த இடத்தை மோந்து பார்த்தது. இப்போது என் கை ஓரத்தில் துணி நூலை இழுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறது. கடித்ததை விரிசல் பக்கமே கொண்டுபோகிறது. நான் விரட்டவில்லை.

குளிர் இப்போது வலிக்கவில்லை.

வண்டியில் வருகிறவர்களுக்கு. முதலில் வெளிப்பக்கம் தகடு வைத்து அடையுங்கள். அதுவரை விரிசலில் இருக்கும் எதையும் எடுக்காதீர்கள். துணி, பனி, கை எதையும்.

மதினி கூப்பிடும்போதெல்லாம் சுவரைத் தட்டுகிறேன், வேலை நடக்கிறது என்று நினைக்கட்டும். இப்போது கை தூக்க வரவில்லை. இனிமேல் சுவருக்குள் சத்தம் கேட்டால் அது நான் இல்லை.