பட்டியலில் இல்லாத சாலை

ஜனவரி 24, சனி

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் மளிகைப் பட்டியல், இல்லாவிட்டால் செய்தித்தாள் ஆசிரியருக்கு அப்பா எழுதும் கோபக் கடிதம். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது வேலையற்றவர் வேலை. ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவள் வேறு எங்கே போவாள்?

இன்று அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஊர்ச் செலவுக்கு ஊராரே கூடி ஓட்டுப் போடும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதித் தர வேண்டுமாம். அவர் பெயர் நோர்மண்ட் லவோய். ஊரில் 'வேண்டாம் லவோய்' என்பார்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, ஊர்ப் பணத்தில் வாங்கப் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று சொல்லி வருகிறவர். புதுத் தீயணைப்பு வண்டி வேண்டாம், பழையது ஓடுகிறது. கூட்ட அரங்குக்கு மெத்தை நாற்காலி வேண்டாம், வசதியாக உட்கார்ந்தால் யாரும் சீக்கிரம் முடிக்க மாட்டார்கள். காரில் ஏறியதும் முதல் காரியமாக பெல்ட் போடுவார். போட்டே ஆக வேண்டும் என்று எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சட்டம் வந்தால் அன்றே கழற்றிவிடுவேன் என்பார். இதில் அவருக்கு முரண் எதுவும் தெரிவதில்லை. சில நாள் எனக்கும் தெரிவதில்லை.

இந்த வருடம் அவர் குறிவைத்திருப்பது பனி தள்ளும் செலவை. ஊர்ச் சாலைப் பட்டியலில் இல்லாத வழியில் ஊர் வண்டி பனி தள்ளக் கூடாது. சாலைப் பொறுப்பாளர் கோர்டன் பிளேஸ்டட், அப்பாவோடு பள்ளியில் படித்தவர், தன் மைத்துனனின் பண்ணைப் பாதையை ஊர் டீசலில் சுத்தம் செய்கிறாராம்.

"நீதான் படிச்சவளாச்சே. ஓட்டை இல்லாம எழுது."

படித்தவள்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ஊர் எழுத்தர் அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை. என் நாற்காலிக்கு அப்பா வைத்திருக்கும் பெயர், 'வரி கட்டுறவன் வாங்கிப் போட்ட நாற்காலி'.

ஜனவரி 27, செவ்வாய்

ஓட்டை இல்லாமல் எழுத வேண்டுமானால் முதலில் பட்டியலைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தின் நிலவறையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் சாலை அதில் இல்லை.

மூன்று தடவை விரலை ஓட்டிப் பார்த்தேன். ஆலை வழி என்ற பெயரே இல்லை. பிறகு பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். 1974. 'செலவைக் குறைக்கும் பொருட்டு ஆலை வழி ஊர்ச் சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. முன்மொழிந்தவர்: ஆர்மண்ட் லவோய்.' அப்பாவைப் பெற்றவர். அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது.

தாத்தா தன் சாலையைத் தானே விட்டுக்கொடுத்திருக்கிறார். பனி வண்டிக்காரரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக வண்டி வந்துகொண்டே இருக்கிறது, எங்கள் வாசல் வரை, இலவசமாக.

நிலவறையில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு பயம் வந்தது. ஆலை வழியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது. அதற்கு அப்பால் ஈனிட் கோல்பர்ன், எண்பத்து நான்கு வயது, தனியாக இருக்கிறார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணி வேலை. வண்டி வராவிட்டால்?

ஜனவரி 28, புதன்

சொல்லப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில், "அப்பா, அந்தப் பட்டியல்ல ஒரு—" என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்திவிட்டார். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் இந்த வியாதி வந்துவிடுகிறதாம், விதிவிலக்கு தேடும் வியாதி. நான்கு வருடம் கல்லூரிக்குப் போனது இதற்குத்தானா என்றும் கேட்டார்.

"யாருக்கும் விலக்கு கிடையாது. அப்படியே எழுது."

அப்படியே எழுதினேன். 'எவருக்காகவும், எக்காரணம் கொண்டும்' என்ற சொற்களை நானாகச் சேர்த்தேன். அந்த நிமிடம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை இங்கே எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 31, சனி

சனிக்கிழமை ஊரே குப்பை கொட்டும் இடத்துக்கு வரும். ஞாயிறு தேவாலயத்தில்கூட இத்தனை பேர் கிடையாது. தீர்மானத்துக்கு இருபத்தைந்து கையெழுத்து வேண்டும். பாட்டில் தொட்டிக்கும் அட்டைத் தொட்டிக்கும் நடுவில் வண்டியை நிறுத்தி, பானெட் மேல் காகிதத்தை விரித்து, அப்பா நாற்பத்தொன்று வாங்கினார்.

கோர்டன் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏன்டா நோர்மண்ட், பனியே விழக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடேன். எல்லாச் செலவும் மிச்சம்."

"பனி சும்மாதான்டா விழுது. தள்ளுறவன்தான் காசு கேக்கிறான்."

இருவரும் சிரித்தார்கள். பேனாவை நீட்டுவது என் வேலை. ஈனிட்டும் வந்து கையெழுத்துப் போட்டார். வரி ஏறிக்கொண்டே போகிறதே, உங்கப்பா ஒருத்தர்தான் கேட்கிறார் என்றார். பேனாவைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. பிடுங்கவில்லை. ஏன் பிடுங்கவில்லை?

பிப்ரவரி 19, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

ஊர்க்கூட்டம். பள்ளி விளையாட்டுக்கூடத்தில் இருநூறு பேர், ஓட்டுப் போடத் தூக்கிக் காட்ட ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. மதியம் தேவாலயப் பெண்கள் சமைத்த அவரையும் பன்றித் தொடையும். நான் வழக்கம்போல் அப்பாவுக்குப் பின் வரிசையில்.

அப்பா நீளமாகப் பேசவில்லை. "ஊர்ப் பணம்னு ஒண்ணு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் பணம்தான் இருக்கு. அவன் சரின்னு சொன்ன இடத்துலதான் செலவு பண்ணணும்." கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் சொல்வது சரி என்று நான் நிஜமாகவே நம்புகிறேன் என்பதுதான் இதில் தொல்லை.

விலக்கே கிடையாதா என்று கோர்டன் எழுந்து கேட்டார்.

"எனக்கே ஆனாலும் கிடையாது," என்றார் அப்பா. கூடமே சிரித்தது.

மஞ்சள் அட்டைகள் எழுந்தன. என்னுடையதும். நிறைவேறியது. உடனே அப்பா, தன் வழக்கப்படி, இன்று இதை மறுபடி எடுக்கக் கூடாது என்று இன்னொரு ஓட்டும் வாங்கிவிட்டார். இனி ஏழு நாள் கழித்துத்தான் எடுக்கலாம். அதையும் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் கேட்க முடியும். பாதித் தீர்மானங்கள் மிச்சமிருக்கும்போதே இருட்டிவிட்டது. மீதியை 21ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

மார்ச் 16, திங்கள்

கோர்டன் பட்டியலோடு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். கேலி செய்யவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்பா பட்டியலைப் படித்தார். 1974 குறிப்பின் நகலையும் படித்தார். தன் அப்பாவின் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"நம்ம வண்டிக்காரன் பாட்டுக்கு வந்துட்டுப் போவான், நோர்மண்ட். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

கோர்டன் படியிறங்கும்போது அப்பா பின்னாலிருந்து கேட்டார்: "உன் மைத்துனனுக்கும் இப்படித்தான் சொன்னியா?" கோர்டன் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார்.

அப்பா என் பக்கம் பார்க்கவேயில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பதினான்கு அங்குலம் பனி. விடியும் முன் ஊர் வண்டியின் ஆரஞ்சு விளக்கு எங்கள் வழியின் முனைவரை வந்து, நின்று, திரும்பிப் போனது. அப்பா நான்கு மணியிலிருந்தே மண்வாரியோடு வெளியே. வலது முழங்கால் ஏற்கெனவே சரியில்லை. நானும் போய் அள்ளினேன்.

அம்மா காத்திருக்கவில்லை. பேண்ட்டைக் காலணிக்குள் செருகிக்கொண்டு, பெருஞ்சாலையில் நின்ற தோழியின் கார் வரை நடந்தே போனாள். எங்களைக் கடக்கும்போது யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "சுதந்திரம் நல்லாத்தான் இருக்கு. முழங்கால் வரைக்கும் இருக்கு."

மார்ச் 18, புதன்

அப்பா ஒன்றுவிட்ட தம்பியிடமிருந்து பனித்தகடு பொருத்திய பழைய லாரியை இரவல் வாங்கி வந்தார். முதலில் ஈனிட் வாசலைத்தான் திறந்தார், பிறகுதான் எங்களுடையது. ஈனிட் ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட் கொடுத்தனுப்பினார். அப்பா காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, அரசாங்கம் இல்லாமலே வழி திறந்துவிட்டது பார் என்றார். உண்மைதான். பார்க்க நன்றாகவும் இருந்தது.

அடுத்த பனியில் ஈனிட் விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று கேட்டேன். அவள் கூப்பிட்டால் நான் போவேன் என்றார். நீங்கள் விழுந்தால்? அதை நான் கேட்கவில்லை. ஐஸ் பையைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வண்டிக் கொட்டகையில் அப்பா, பனி ஒட்டாமலிருக்க மண்வாரிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். ஜனவரியிலிருந்தே எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது.

"தெரியும்," என்றார். "நாலு நாளா அதுல ஓட்டை தேடறேன். ஒண்ணுகூட இல்ல. நல்லா எழுதியிருக்க."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"சொல்லியிருக்கலாம் கண்ணு."

"சொல்ல விட்டீங்களா?"

வெகுநேரம் தேய்த்தார். "இல்ல," என்றார் கடைசியில்.

நாளைக் கூட்டத்தில் அதை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றேன். நானும் ஜெயித்த பக்கம்தானே. தீர்மானம் அப்படியே இருக்கட்டும். ஆலை வழியை மட்டும் அவசர வழி என்று ஊர் அறிவித்துப் பனி தள்ள வேண்டும், ஆம்புலன்ஸ் வருவதற்காக. ஈனிட்டுக்காக. வாரியை இறக்கி வைத்தார்.

"நான் எதிர்த்துதான் பேசுவேன்."

"தெரியும்."

"என் வீட்டு வழிங்கிறதுக்காக விட்டுக்குடுக்க மாட்டேன்."

"குடுக்க வேணாம் அப்பா."

அவ்வளவுதான், வந்துவிடலாம் என்று கதவு வரை போனேன். ஒன்றைக் கேட்காமலே வைத்திருந்தேன், கேட்டால் அழுதுவிடுவேன் என்று. திரும்பிப் போய்க் கேட்டேன்.

"நாளைக்கும் உங்களுக்குப் பின்னாலதான் உக்காருவேன். நான் எழுந்து பேசும்போது மட்டும், அப்பா, திரும்பி என்னைப் பாக்காதீங்க."