ஜெஸ் யார் கையில் கொடுக்கும்

1991 யூன் 2, ஞாயிறு

இன்று ஒரு முழுப் பக்கம் எழுதப் போகிறேன். எழுபது வயதில் எழுதப் பழகியவனுக்கு ஒரு பக்கம் என்பது ஒரு மைல். தவநாயகி ரீச்சர் வகுப்பில் சொன்னார்: "கஸ்பர் ஐயா, நடந்ததை எழுதுங்கோ. பிழை வந்தால் வரட்டும்."

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு றொன்னுக்கு இடுப்பில் ஒப்பரேசன். நடக்க முடியாது. அவரிடம் ஜெஸ் என்று ஒரு வயதுக் கறுப்பு நாய் இருக்கிறது. சுட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்துவந்து கையில் கொடுக்க அதைப் பழக்க வேண்டும். நான் மன்னாரில் குளத்துத் தாராவுக்குத் துவக்கோடு திரிந்தவன் என்று மகள் மெற்றில்டா எப்போதோ அவருக்குச் சொல்லியிருக்கிறாள். வேலிக்கு மேலால் நாயின் வாரை என் கையில் தந்தார். அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்.

"அப்பா, நவம்பர் ஒன்பதாம் திகதி கென்ற்றில வேட்டையாம். அதுக்குள்ள பழகாட்டி நாயை அங்க இருக்கிற கூட்டாளியிட்டக் குடுத்திடுவாராம். வேலை செய்யாத நாயைத் தன்னால வைச்சுப் பாக்க ஏலாதாம்."

ஐந்து மாதம். எனக்கு இரண்டே போதும்.

யூன் 9

சாக்குத் துணியை உருட்டிக் கட்டி எறிந்தேன். ஓடிப்போய் எடுத்தது. பாதி வழியில் போட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. என்ன அழகான முட்டாள்!

யூன் 26

இன்று கையில் தந்தது! நாங்கள் இருக்கிற மிச்சம் ஊரின் கொமனில், அந்தப் பெரிய பொதுப் புல்வெளியில், குளத்துக்குப் பக்கத்தில். உருளையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீற்றுக்குப் போய்விட்டாள்.

யூலை 14

சம்பந்தி வந்துவிட்டார். மருமகனின் தகப்பன், பெனடிக்ற். செவன் கிங்ஸில் மூத்த மகனோடு இருந்தவர். இனி எங்கள் வீட்டு மேலறையில்தான். றெயில்வேயில் கிளாக்காக இருந்தவர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நல்ல மனிதர்.

"என்ன சம்பந்தி, வயது போன காலத்தில நாய் மேய்க்கிறீங்களாம்?" என்றார்.

மெற்றில்டா சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்சம்.

யூலை 21

சம்பந்தி நூல் நிலையத்துக்குப் போய் நாய் பழக்கும் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். ஒரு விசிலும் வாங்கிவந்தார்.

"சம்பந்தி, நீங்கள் நாயோட நிறையக் கதைக்கிறீங்கள். ஒரு சொல், ஒரு விசில். அதுக்கு மேல வேண்டாம். இதில கிடக்கு."

"இதை எழுதினவர் எத்தினை தாரா சுட்டவராம்?"

"அதுவும் கிடக்கு. நாப்பது வருசம் சுட்டவராம்."



ஆகஸ்ட் 11

நானும் சம்பந்தியும் ஜெஸ்ஸுமாகக் கொமனுக்குப் போனோம். நான் எறிந்தேன். ஜெஸ் எடுத்தது. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சம்பந்தி அந்த விசிலை ஊதினார். மெல்லத்தான் ஊதினார். அது என்னைத் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்தது.

"பாத்தீங்களோ?" என்றார்.

பார்த்தேன். எனக்கு என்ன குருடா? மழைக்குள்ள ரெண்டு மாசம் அதோட அலைஞ்சவன் நான். அதின்ர காலில குத்தின முள்ளை எடுத்தவன் நான். இந்தாள் நேற்று வந்து விசில் ஊதினால் அவருக்குக் கொடுக்கிறதோ?

ஆகஸ்ட் 12

மூன்று முறையும் அவருக்கே.

ஆகஸ்ட் 25

றொன்னின் கென்ற் கூட்டாளி ஒரு பை நிறையக் காட்டுப்புறா அனுப்பினார். இனித் துணி உருளை இல்லை, உண்மையான பறவை. மெற்றில்டா கத்துகிறாள். "பிறீசருக்குள்ள பாரை மீனும் செத்த புறாவும் ஒண்டாக் கிடக்குது. இது வீடோ, சவச்சாலையோ?"

சம்பந்தி புத்தகத்தைத் திறந்து அவளுக்கு விளக்கினார். அவர் சொன்னதும் அவள் அடங்கிவிட்டாள். நாய் மட்டும் அல்ல, மகளும் அந்தப் பக்கம்தான்.

றொன்னும் அவரோடுதான் வேலியடியில் நின்று கதைக்கிறார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் காட்டுகிறார்.

செப்டம்பர் 4

ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் பறவை விழுந்த இடத்திலேயே வயிற்றைக் கீறி, ஈரலை எடுத்து நாய்க்குக் கொடுப்போம். அது நாயின் பங்கு. பங்கு கிடைத்த நாய் ஆளை விடாது. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

சம்பந்தி எட்டு மணிக்குத்தான் எழும்புவார். நான் ஆறு மணிக்கே பனி விட்ட புறா ஒன்றோடு ஜெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். எறிந்தேன். கொண்டுவந்தது. பேனைக்கத்தியால் கீறிப் பங்கைக் கொடுத்தேன். என் விரல்களை நக்கித் துடைத்தது.

செப்டம்பர் 10

மெற்றில்டா கேட்டாள், புறா குறையுதே என்று. பழுதாய்ப் போய்விட்டது, எறிந்துவிட்டேன் என்றேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒரு பொய். சின்னப் பொய்.

செப்டம்பர் 22

வெற்றி! சம்பந்தி விசில் ஊதினார். ஊதினார், ஊதினார். கன்னம் சிவந்துவிட்டது. ஜெஸ் நேரே என்னிடம் வந்தது.

"என்ன மந்திரம் போட்டனீங்கள் சம்பந்தி?"

"அன்புதான் சம்பந்தி."

இரவு இரண்டு தட்டுப் பிட்டுச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் றொன் ஊன்றுகோலோடு தன் தோட்டத்துக்கு வந்து கதிரையில் இருந்தார். ஜெஸ்ஸைப் பார்க்க வேண்டுமாம். சம்பந்தி புறாவை எறிந்தார். ஜெஸ் எடுத்தது. ஆனால் வரவில்லை. புல்லில் படுத்து, முன்காலால் அமுக்கிக்கொண்டு வயிற்றைக் கிழித்தது. சம்பந்தி ஓடிப்போய் வாயிலிருந்து வாங்க இழுத்தார். பாதிதான் கையில் வந்தது. இறகெல்லாம் தோட்டம் முழுக்கப் பறந்தது.

றொன் ஒன்றும் கத்தவில்லை. மெல்ல ஏதோ சொன்னார். சம்பந்தி முகம் வெளிறிப்போய் எனக்குச் சொன்னார்: "பறவையைக் கடிச்சுப் பழகின நாய் திருந்தாதாம். ஆரோ வாயில இருந்து பறவையைப் பிடிச்சு இழுத்துப் பழக்கியிருக்கினமாம். நான்தான் போல."

நான் குனிந்து இறகுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

ஒக்டோபர் 7

சம்பந்தி மேலறையை விட்டு இறங்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மருமகனிடம் கொடுத்துவிட்டார். எனக்குச் சந்தோசம் என்று எழுத இருந்தேன். காலையில் உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.

ஒக்டோபர் 8

வருகிற சனிக்கிழமை கென்ற் கூட்டாளி வந்து ஜெஸ்ஸைக் கொண்டுபோகிறாராம்.

ஒக்டோபர் 9

என்ர ஆண்டவரே. நான் என்ன வேலை செய்தனான்? அந்த வாயில்லாச் சீவனுக்குப் பறவையின்ர வயித்துக்குள்ள சாப்பாடு இருக்கெண்டு காட்டிக் கொடுத்தது ஆர்? நான். எங்கட குளத்தில நாய் கிழிச்சாலும் கறிக்குத்தானே போகுது, ஒருத்தரும் கேக்கமாட்டினம். இங்க பறவை முழுசா வரவேணும். அது எனக்குத் தெரியாதோ? தெரியும். தெரிஞ்சும் ஈரலைக் கொடுத்தனான். ஏன்? அவர் கையில கொடுத்தது பொறுக்க ஏலாமல்.

மேலே போனேன். சம்பந்தி கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

என் பக்கம் திரும்பினார். பிறகு, "பங்கு குடுத்தனீரோ?" என்றார். இத்தனை வருசத்தில் முதல் தரமாக மரியாதை குறைத்து 'நீர்' என்கிறார். "மூண்டு நாளாய் என்ர கையைப் பாத்துக்கொண்டிருக்கிறன். இந்தக் கைதான் ஒரு நல்ல நாயைக் கெடுத்ததெண்டு. மூண்டு நாளாய்!"

"அடிக்கிறதெண்டால் அடியுங்கோ சம்பந்தி."

"எழும்பும். சப்பாத்தைப் போடும். றொன்னிட்டப் போவம்."

ஒக்டோபர் 10

றொன் வீட்டில் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. நான் தமிழில் சொன்னேன், சம்பந்தி ஆங்கிலத்தில் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. 'பொறாமை' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார். "சொல்லுங்கோ" என்றேன். சொன்னார்.

றொன் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், நவம்பர் ஒன்பதாம் திகதி வரைக்கும் பார்ப்போம் என்றார். அன்றைக்கு ஒரு பறவை கிழிந்தாலும் ஜெஸ்ஸைக் கென்ற்றிலேயே விட்டுவிட்டு வருவாராம்.

ஒக்டோபர் 20

சம்பந்தி புத்தகத்தை மறுபடி எடுத்துவந்தார். கல்லுப்போல உறைந்த புறாவை மெற்றில்டாவின் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டி எறிகிறோம். பல் இறங்காது. கையில் வாங்கியதும் தலையைத் தடவுவது மட்டும்தான். தின்ன ஒன்றும் இல்லை.

ஆனால் எடுத்ததும் படுத்துவிடுகிறது. புத்தகத்தில் இதற்கு ஒன்றும் இல்லை என்றார். நான் சொன்னேன்: "முதுகைக் காட்டிக்கொண்டு நடவுங்கோ சம்பந்தி. விட்டிட்டுப் போறமெண்டு நினைச்சு ஓடிவரும்." இரண்டு கிழவர்களும் திரும்பி நடந்தோம். பின்னால் கால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நான் எவ்வளவு கஷ்டப்பட்டு ஆசையை அடக்கினேன்!

அவர் கையில்தான் கொடுத்தது. அடுத்தது எனக்கு. அதற்கடுத்தது அவருக்கு. எண்ணுவதை விடவேண்டும்.

நவம்பர் 3

காலுறை இல்லாமல், உறையாத புறா. ஆறு எறிந்தோம். ஆறும் முழுதாக வந்தன. எனக்கு நான்கு. (எண்ணிவிட்டேன்.) சம்பந்தி மறுபடி 'நீங்கள்' என்கிறார்.

நவம்பர் 9, சனி

கென்ற். குளிர் எலும்புக்குள் போகிறது. றொன் மடக்குக் கதிரையில் இருந்தபடி சுட்டார். காட்டுச் சேவல் மாதிரி ஒரு பெரிய பறவை, நீண்ட வால், ஓடைக்கு அந்தப் பக்கம் முட்புதருக்குள் விழுந்தது. ஜெஸ் தண்ணீருக்குள் பாய்ந்தது. வெகுநேரம் காணவில்லை. புதருக்குள் அசைவும் இல்லை. தின்கிறது என்றே நினைத்தேன். சம்பந்தி என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியாது.

வந்தது. பறவையின் தலை ஒரு பக்கம் ஆட, நனைந்துகொண்டு வந்தது. நான் கையை நீட்டினேன். சம்பந்தியும் நீட்டினார். ஜெஸ் எங்கள் இருவருக்கும் நடுவால் போய், றொன்னின் மடியில் வைத்துவிட்டு அவர் காலடியில் இருந்தது. அவர் விசில்கூட ஊதவில்லை.

றொன் இறகை ஊதி ஊதிப் பார்த்தார். ஒரு பல்லும் படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெஸ் வீட்டுக்கு வருகிறது என்றார்.

சம்பந்தி என் காதுக்குள், "நாய்க்கு நன்றி இருக்கெண்டு எந்த மடையன் சொன்னவன்?" என்றார்.

திரும்பும்போது ஜெஸ் முன்சீற்றில் றொன்னின் கால்மாட்டில் படுத்திருந்தது. கூட்டாளி காரை ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்னால்.

"சம்பந்தி," என்றார், "இந்த றொன்னுக்கு நாய் பழக்கிறதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது."

"ஒண்டும் தெரியாது" என்றேன்.

மிச்சம் ஊர் வந்து சேரும்வரை தமிழில் அதையே கதைத்துக்கொண்டு வந்தோம்.