போகும் என்று படித்தேன்

மே 20, புதன் காலை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், பஸ் எடுக்கக் கிளம்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். வழியில் அச்சகத்து நிறுத்தத்தில் உங்கள் கையில் கொடுத்துவிடுவார். போனில் அனுப்பினால், "ஒரு வரியில் ஒன்பது பிழை" என்று படிக்காமலே மூடிவிடுவீர்கள். அதனால்தான் பேனா.

நம் பொக்கைப் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அண்ணி. திங்கட்கிழமை சாயங்காலம் குழந்தைகள் காப்பகத்திலிருந்து தூக்கி வரும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது. பல் முளைக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நேற்று வாயைத் திறந்து கத்தியபோதுதான் பார்த்தேன். நாக்கின் ஓரத்திலும் மேலண்ணத்திலும் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பு. பால் புட்டியைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுகிறாள். ரப்பர் வாயில் பட்டதும் வீறிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். அப்புறம் மறுபடியும் கை நீட்டுகிறாள். ஒன்பது மாதக் குழந்தைக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்?

டாக்டரம்மாவிடம் காட்டினோம். பொக்கை வாயைத் திறக்கவே விடவில்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு, "உதட்டுல கொப்புளம் இருக்கிற யாராவது குழந்தைக்கு முத்தம் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது உங்கள் உதட்டோரத்தில் ஒன்று இருந்ததே. நான் குற்றம் சொல்லவில்லை. அவர் கேட்டதைச் சொல்கிறேன். குழந்தைக்குச் சரியாகும் வரை இந்தப் பக்கம் வர வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல்,
உங்கள் வாயாடி

*

மே 21, வியாழன்

என் வாயாடிக்கு,

காது கேட்காதவள் நான், எத்தனையோ பேருடைய உதடுகளைப் படித்திருக்கிறேன். உன் உதடு போல ஓயாமல் அசையும் உதட்டைப் பார்த்ததில்லை என்றுதான் உனக்கு இந்தப் பெயரே வைத்தேன். அப்படிப்பட்டவள் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறாய்.

ஆமாம், கொப்புளம் இருந்தது. முத்தமும் கொடுத்தேன். கன்னத்தில் இல்லை, உள்ளங்காலில். உதட்டில் புண் இருக்கிறதே என்ற புத்தி எனக்கும் இருந்தது. ஆனால் அவள் அடுத்த நிமிடமே அந்தக் காலைத் தூக்கிக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம், நினைவிருக்கிறதா? நேற்றிலிருந்து அந்தக் கட்டைவிரல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மெய்ப்பு திருத்த உட்கார்ந்தால் ஒரே பக்கத்தை நாலு தடவை படிக்கிறேன். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. "பிழையில்லாத புத்தகமா? உடம்புக்கு என்னம்மா?" என்கிறார் முதலாளி.

பாலை ஆறவைத்துக் கரண்டியால் துளித்துளியாகக் கொடு. புட்டி வேண்டாம். இன்னொரு வேலையும் செய், காரணம் கேட்காதே. அவள் உன்னைப் பார்க்காதபோது பின்னால் நின்று ஒரு தட்டைக் கரண்டியால் தட்டிப் பார். திரும்புகிறாளா என்று எனக்கு எழுது.

சனிக்கிழமை அரை நாள் வேலைதான். தம்பி பஸ்ஸிலேயே வந்து வாசலோடு பார்த்துவிட்டுப் போகிறேன். உள்ளே வர மாட்டேன், அவளைத் தொடவும் மாட்டேன்.

முத்தம் கொடுத்த பாவத்தோடு,
அண்ணி

*

மே 22, வெள்ளி

அண்ணிக்கு,

ஏன் இப்படிச் செய்தீர்கள்?

தட்டைத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். சுவரைப் பார்த்தபடி அப்படியே கிடந்தாள். உங்கள் தம்பியிடம் ஓடி, "உங்க அக்கா எதுக்குங்க இதைச் செய்யச் சொன்னாங்க?" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அப்புறம்தான் சொன்னார். ஆறு வயதில் உங்களுக்கும் வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்களாம். காய்ச்சல் இறங்கிய பிறகு கூப்பிட்டால் நீங்கள் திரும்பவில்லையாம்.

ஐந்து வருடமாக இந்த வீட்டு மருமகள் நான். ஏதோ பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இந்த நேரத்தில்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? வாய்ப்புண்ணுக்கே உயிர் போய் உயிர் வருகிறது. காதையும் சேர்த்து என் தலையில் போட்டுவிட்டீர்கள். காலையிலிருந்து வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் துணி நனைந்தது. கரண்டிப் பாலும் வழிந்து கழுத்துக்குத்தான் போகிறது. இப்போது அழுகைகூடக் குறைந்துவிட்டது. அழுதபோது நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். அழாமல் கிடந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

நாளைக்கு வர வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

*

மே 23, சனி, மதியம்

என் வாயாடிக்கு,

தம்பியின் பஸ்ஸில், அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் ரோட்டைத் திட்டு. வர வேண்டாம் என்றாய், வந்துவிட்டேன். என் கால் கேட்கவில்லை. அதற்காக அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

கதவைத் திறந்ததும் "போகும், போகும்" என்று இரண்டு தடவை சொன்னாய். வந்த நோய் போகும், கவலைப்படாதீர்கள் என்றுதானே? அவ்வளவு கஷ்டத்திலும் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தாயே, அது போதும் எனக்கு. உடனே கதவைச் சாத்தியதும் சரிதான். காற்று ஆகாது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. கதவு திறந்திருந்தது நாலு நொடி இருக்கும். பொக்கை உன் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் கை என் பக்கம் விரிந்திருந்தது. உள்ளங்கையில் சிவப்பாக நாலைந்து புள்ளிகள் பார்த்தேன். பாதத்திலும் இருக்கிறதா பார். இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்டு, அன்று அவர் கையைப் பார்க்கவில்லை.

அதைவிட முக்கியம், அவள் வாய் உலர்ந்துவிட்டது. நான் வாயைப் பார்த்தே பிழைக்கிறவள், இதில் எனக்குத் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை அவள் சட்டை முழுக்க எச்சில் ஒழுகியது. இன்று உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிகிறது. கொட்டாவி விட்டாள், நாக்கில் பளபளப்பே இல்லை. அவள் தூங்கவில்லை, துவண்டு கிடக்கிறாள். திங்கட்கிழமை வரை பார்ப்போம் என்று இருக்காதே. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போங்கள். போன நிறுத்தத்தில் தம்பி உனக்குப் போன் போட்டுப் பார்த்தான், நீ எடுக்கவில்லை. வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு இந்தக் கடிதத்தோடு நேராக வீட்டுக்கு வருவான். படித்து முடித்ததும் கிளம்பு.

தட்டுக் கரண்டி விஷயத்துக்கு என்னை மன்னித்துவிடு. என் பயத்தை உன் வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது.

அண்ணி

*

மே 24, ஞாயிறு, ஆஸ்பத்திரி

அண்ணிக்கு,

நான்கு வரி எழுத நேரம் கிடைத்தது. புறங்கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். நான் வெளியே ஓடிவிட்டேன். உங்கள் தம்பிதான் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ரொம்பச் சிரமமாயிருக்கும்" என்றார் இங்குள்ள டாக்டர். பாதத்திலும் புள்ளி இருந்தது. கை, கால், வாய் மூன்றிலும் வருகிற நோயாம். குழந்தைக்குக் குழந்தை ஒட்டிக்கொள்ளுமாம். தனியாக மருந்து கிடையாது, வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்துத் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

இன்று காலை ஒரு நர்ஸ் கை தவறி ஸ்டீல் டிரேயைக் கீழே போட்டார். ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. பொக்கை தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி, உதட்டைப் பிதுக்கி, ஓவென்று அழுதாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அண்ணி. அந்த நர்ஸ் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கேட்கிறது. அவளுக்கு நன்றாகக் கேட்கிறது.

வாயாடி

*

மே 27, புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று ஆறு தடவை துணி மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் துணி நனைந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்ன முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

மூன்று நாளாக உங்கள் தம்பி வெறுங்கையோடு வருகிறார். "அக்கா ஒண்ணும் குடுக்கலையா?" என்றால், "வேலை இருக்காம்" என்கிறார். எனக்குத் தெரியும். நல்ல செய்தி வந்த பிறகுதான் ஒருவருக்குக் கோபப்பட நேரம் கிடைக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் உங்கள் கொப்புளத்தைப் பற்றிக் கேட்டேன். அது வேறு நோயாம். அது மட்டுமில்லை, "ஞாயித்துக்கிழமை குடுத்த முத்தம் திங்கக்கிழமை காய்ச்சலா வராதும்மா. இது அதுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் எனக்கு அது தெரியும்.

போன வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை காப்பகத்துக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டு குழந்தைகளுக்கு வாய்ப்புண் வந்திருக்கிறது, முடிந்தவர்கள் சில நாள் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நின்று முழுக்கப் படித்தேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, நான் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் சீருடைச் சட்டை மலை மாதிரி கிடந்தது. லீவு கேட்டால் மேஸ்திரி முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன். என் பெண்ணுக்கு வராது என்று சொல்லிக்கொண்டு உள்ளே விட்டுவிட்டுப் போனேன். உங்கள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரம்மா கொப்புளத்தைப் பற்றிக் கேட்ட நிமிடம் எனக்கு உங்கள் உதடு ஞாபகம் வந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் படித்ததில் ஓர் எழுத்து தவறு, அண்ணி. திருத்திக்கொள்ளுங்கள். 'க' இல்லை, 'த'. நான் வாசலில் சொன்னது "போகும்" இல்லை. "போதும்." நீங்கள் என் பெண்ணுக்குச் செய்தது போதும், திரும்பிப் போங்கள் என்றுதான் சொன்னேன். வெயிலில் நின்ற உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். நீங்கள் தப்பாகப் படித்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும் தப்பித்தேன் என்று இருந்தது. அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

இனி உங்கள் இஷ்டம்.

வாயாடி

*

மே 28, வியாழன்

என் வாயாடிக்கு,

திருத்தம் வந்து சேர்ந்தது.

முப்பது வருடமாக மெய்ப்பு பார்க்கிறவளுக்கு ஓர் எழுத்து தப்புமா? 'க' சொல்லும்போது நாக்கு உள்ளே எங்கேயோ ஒளிந்துகொள்ளும். 'த' சொல்லும்போது பல்லுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்க்கும். அன்று உன் நாக்கு எட்டிப் பார்த்தது, இரண்டு தடவையும். முதலிலேயே சரியாகத்தான் படித்தேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நாலு வரி எழுதினேன். அதை உனக்குக் காட்ட மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் உலர்ந்த உதடு கண்ணிலேயே நின்றது. நான் கோபத்தோடு எழுதினால் நீ முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடுவாய். அன்றைக்கு நீ என் கடிதத்தைக் கடைசி வரை படித்தே ஆக வேண்டும். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். என் வேலையில் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பேனாவை எடுத்தால் அந்த நாலு வரிதான் மறுபடி வந்தது, அதனால்தான் எழுதவில்லை. காப்பகத்துக் காகிதத்தைப் பற்றித் தம்பியிடம் நீயே சொல், நான் சொல்ல மாட்டேன். பயந்தவள் கையில் கிடைத்ததைத்தான் எடுத்து வீசுவாள். நானும் தட்டையும் கரண்டியையும் எடுத்து வீசியவள்தானே.

என் உதடு ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவைத் திறந்துவிட்டுக் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே. நீ குனிந்தால் எனக்கு ஒன்றும் கேட்காது.

அண்ணி