பிள்ளைகள் என்றுதான் போட்டிருந்தது

என் மருமகள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் வெங்காயம் நறுக்குவதை அப்படியே நிறுத்திவிட்டேன். "என்ன அத்தை, தலை சுத்துதா?" என்று பதறினாள். தலையும் சுற்றவில்லை, காலும் சுற்றவில்லை. நீ வந்து நின்றாய், அவ்வளவுதான். உன் ஆபீசில் நகலெடுக்க டைப் அடிக்கிற ஸ்டென்சில் தாளில் தப்பு விழுந்தால் மேலே பூசித் திருத்துவாயே ஒரு சிவப்புத் திரவம், அச்சு அசலாக அதே நெடி.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நீ உயிரோடு இருக்கும்வரை இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்கே தெரியும்.

யுத்தம் முடிந்து, ரேஷன் கடை வாசலில் நாம் இருவரும் கால் கடுக்க நின்ற காலம் அது. நான் சாந்தோமில் டீச்சர், நீ சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மீன்பிடிக்கப் பொதுப் பணம் ஒதுக்கப்போகிறார்கள் என்ற சேதியை நீதான் கொண்டுவந்தாய். தூண்டில், நூல், இரை, சொல்லித்தரும் குப்பத்து ஆளுக்குக் கூலி, எல்லாம் சர்க்கார் செலவு. "மீன் புடிக்க சர்க்கார் காசு குடுக்குதா? போடி, காதுல பூ சுத்தாதே!" என்றேன். சொன்னேனே ஒழிய, மறுநாளே என் வகுப்புப் பெயர்கள் அத்தனையும் எழுதி மனு கொடுத்துவிட்டேன். கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்குகிற பிள்ளைகள். ஒன்றுகூடத் தூண்டிலைத் தொட்டதில்லை.

பணம் வந்தது. ஆனால் இங்கிலீஷ் உத்தரவில் 'பாய்ஸ்' என்று இருந்தது. பையன்களுக்கு மட்டும். என் வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள். கோயில் மதிலோரம் உன்னை நிறுத்தி வைத்து, ஏதோ நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி காய்ச்சி எடுத்தேன். "பொண்ணுங்க கையில தூண்டில் குடுத்தா கடல் வத்திடுமா? நீயெல்லாம் அங்கே உட்கார்ந்து என்னத்தக் கிழிக்கிறே?" குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாய். அப்படிப் பேசியதற்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை தமிழ் நோட்டீஸ் பள்ளிக்கு வந்தது. 'பள்ளிப் பிள்ளைகள் அனைவரும்' என்று போட்டிருந்தது. உன் அதிகாரிக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு பெண் விடாமல் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை காலை அடையாற்று முகத்துவாரத்துக்குப் போனேன்.

குப்பத்து அக்கா ஒருத்தி இறாலைக் கிள்ளித் தூண்டிலில் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உன் அதிகாரியின் கார் வந்து நின்றது. பின்னாலேயே கையில் காகிதக் கட்டோடு நீ இறங்கினாய். முகத்தில் ரத்தமே இல்லை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாய். காற்றில் முந்தானை விலகியபோது மோதிர விரல் நகத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது. நோட்டீசில் முதலில் 'சிறுவர்கள்' என்று அடித்துவிட்டு, அதன்மேல் பூசி 'பிள்ளைகள்' என்று மாற்றியிருக்கிறாய். உன் சம்பளத்தில்தான் உன் அம்மாவும் இரண்டு தம்பிகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் அந்த வீட்டில் உலை ஏறாது. எல்லாம் என் நாக்கால் வந்த வினை.

அவர் மயிலாப்பூர்க்காரர். "உத்தரவுல பாய்ஸ்னுதானே இருக்கு? இந்தப் பொண்கள்லாம் எப்படி வந்தா?" என்றார்.

"பிள்ளைகள்னுதான் சார் அடிச்சேன்," என்றாய். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அதான் கேக்கறேன். எங்காத்துல பிள்ளைன்னா பையன், பொண்ணுன்னா பொண்ணு. பிள்ளைகள்ல பொண் எப்படி வரும்?"

நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் காலை மிதித்தாய். அவரோ தன் கட்சியை நிரூபிக்க அந்தக் குப்பத்து அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, உனக்கு எத்தனை பிள்ளை?"

"நாலு புள்ளீங்கோ கீது சாமி."

"பாத்தேளா? நாலு பிள்ளை. பொண்ணு எத்தனை?"

அவள் இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சாமி இப்டி கேக்குற? அந்த நாலுந்தான். நாலும் பொட்டப் புள்ளீங்கோ!"

முதலில் சிரித்தது அவருடைய டிரைவர். அப்புறம் பிள்ளைகள் எல்லோரும். அதே நேரம் என் வகுப்புச் செல்லி, அந்த ஒல்லிக்குச்சி, "டீச்சர்!" என்று அலறிக்கொண்டு நூலை இழுத்தாள். ஒரு கிழங்கான் மீன் பறந்து வந்து அவருடைய பூட்ஸ் மேலேயே விழுந்து துள்ளியது. மனிதர் இரண்டடி பின்னால் குதித்தார். மீனையும் செல்லியையும் மாறி மாறிப் பார்த்தவர், அவரும் சிரித்துவிட்டார். "சரி, பிள்ளைகள்னு போட்டாச்சு. அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அப்பாடா! அந்த மூச்சை விட்டது இன்னும் எனக்கு நெஞ்சில் இருக்கிறது. நீ மணலில் பொத்தென்று உட்கார்ந்து, அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியாமல் குலுங்கினாய். "ஏண்டி என்கிட்ட சொல்லலே?" என்று கேட்டேன். "உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரியும்டி வாயாடி," என்றாய். பிறகு நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "மீன்தாண்டி மாட்டுச்சு. நான் மாட்டலே," என்றாய்.

அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை நான் எழுதிய ஒவ்வொரு நோட்டீசிலும் பிள்ளைகள் என்றுதான் எழுதினேன். யாராவது ஏன் என்று கேட்டால், பழக்கம் என்று சொல்லி மழுப்பிவிடுவேன்.

இன்றைக்கு மருமகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, உன் வேலை இனிமேல் போகாது. கேட்டு முடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கும் பூசி விடட்டுமா அத்தை?" என்றாள். மோதிர விரலை மட்டும் நீட்டினேன். வெங்காயக் கையோடு பிறகு கடைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன். முந்தானைக்குள் மறைக்கவே இல்லையடி.