புது ரூட்டரில் கோளாறு இல்லை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், உன் வழக்கப்படி கடைசிக்குத் தாவாமல் வரிசையாகப் படி. போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இரண்டே அறை உள்ள வீட்டில் நான் முணுமுணுத்தாலும் அப்பா காதில் விழும், அதனால்தான்.

நீ அங்கிருந்து அனுப்புகிறேன் என்ற பெரிய ரூட்டர் வேண்டாம். பேசும்போது படம் நின்று நின்று போகிறது என்று நீ சொன்னதற்காக இங்கே வாங்கியதே நல்ல பொருள். அப்பாவும் நானும் சேர்ந்துதான் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் கொம்பு கொம்பாக ஆறு ஆன்டெனா வைத்த ஒன்றைக் காட்டினார், மாடி வீடு முழுக்க எடுக்குமாம். இருப்பதே இரண்டு பேர், தெருவுக்கெல்லாம் நெட் கொடுக்கவா என்று நான் கேட்டதும் அவரே சிரித்துவிட்டுச் சின்னதை எடுத்து வைத்தார். மோடமும் ரூட்டரும் ஒரே பெட்டியாகவும் கிடைக்கிறது. வெளியிலிருந்து லைனை வாங்குவது மோடம், அதை வீட்டுக்குள் பங்கு வைப்பது ரூட்டர், ஒரே பெட்டி என்றால் ஒன்று கெட்டாலும் இரண்டையும் தூக்கிப் போட வேண்டும் என்று அப்பாதான் தனித்தனியாக வாங்கச் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது, கடைக்காரர் பாவம் பொறுமையாக நின்றார். மறுநாள் லைன்காரர் வந்து, செருப்பு அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய மோடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூசியோட இது ஓடினதே பெரிசும்மா என்றார். புது ரூட்டரை இரண்டு அறைக்கும் நடுவே உயரத்தில் வைத்து, வேகத்தை அளந்து, குளியலறை வரைக்கும் எடுக்குது என்று பெருமையாகச் சொன்னார். குளித்துக்கொண்டே யார் நெட் பார்க்கப் போகிறார்கள், இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் நீ வீடியோவில் கூப்பிட்டாய். புது ரூட்டர் எப்படிப்பா என்று கேட்டாய். அப்பா முகம் அப்படியே நின்றது. மறுபடி நெட் போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான், திருப்பிக் குடுத்துடுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அவருக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது, நீ கவனிக்கவில்லை. நெட் நின்றிருந்தால் அதுவும் நின்றிருக்கும். நின்றது நெட் இல்லை கண்ணு, அப்பாதான்.

சந்தையில் மூச்சு விடாமல் ஏலம் கூவிய மனிதருக்கு இப்போது வார்த்தை வாய் வரைக்கும் வந்து வெளியே வர மறுக்கிறது. டம்ளர் என்று சொல்ல முடியாமல் விரலை நீட்டுகிறார். டாக்டரிடம் காட்டியாயிற்று. மூளையில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லையாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். பேசப் பேசத்தான் திரும்பும், நடுவுல யாரும் வார்த்தை எடுத்துக் குடுக்காதீங்க என்று கண்டிப்பாகச் சொன்னார். உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அப்பா என் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார். நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரம் பார்த்து அவரே எழுந்து போய் ரூட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பேசினால்தான் தேற வேண்டிய மனிதர் பேச்சையே விடப் பார்க்கிறார், அதுவும் உன்னிடம். உன் முன்னால் திணற அவருக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் இனி சுவிட்சை நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றது உன் கையில். அவர் முகம் நின்றால் நீயும் பேசாமல் இரு. ஹலோ ஹலோ என்று கத்தாதே, வார்த்தையை நீயாகச் சொல்லி முடிக்காதே. அந்த நேரத்தில் காய் நறுக்கு, பிள்ளைக்குத் தலை வாரு, போனை மட்டும் வைக்காதே. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. புது ரூட்டர் எப்படி என்று நீ கேட்ட அன்று, நீ வைத்த பிறகும் அப்பா போனைக் கீழே வைக்கவில்லை. அணைந்த போனைப் பார்த்து மெல்ல மெல்லச் சொல்லி முடித்தார், நீ நல்லா தெரியிறேம்மா, ஏன் இப்படி இளைச்சுட்ட என்று.

உன் அம்மா