காணாமற்போன பன்னிரண்டு அட்டைகள்

நண்பரே,

இன்று காலை மொழித்துறைக்குள் நுழைந்ததும் புதுச் சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியது. கல்வியாண்டு தொடங்குமுன் பல்கலைக்கழகத்தில் வெள்ளையடித்துவிடுகிறார்கள். அந்த மணம் உமக்கு ஆகாது. வரிசையாக நாலைந்து தும்மல் போட்டுவிட்டுத்தான் வாய் திறப்பீர். இன்று தும்ம ஆளில்லை. நானோ உம்மைப் பற்றி நல்லதாக நினைக்க இன்னமும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உலக யுத்த காலத்தில் நாம் இருவரும் இங்கே தற்காலிக உதவியாளர்கள். நிரந்தரமாக்க இருந்தது ஒரேயொரு வேலை. விடுமுறையில் கொழும்புச் சனம் கதைப்பதைக் கேட்டு, அட்டைக்கு ஒரு பேச்சாக எழுதிவர வேண்டும்; அதைப் பார்த்துத்தான் வேலை. அடியில் பேசியவரின் பெயரும் விலாசமும். மாளிகாவத்தையில் நம்மை சி.ஐ.டி. என்று எண்ணிக் கதவைச் சாத்தினார்கள். "என்னைப் பார்த்தில்லை, உம்மட பென்சிலைப் பார்த்துத்தான் பயப்பிடுதுகள்" என்று சிரித்தீர்.

புதுக்கடையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பிலோமினா அக்காவிடம் என்னைக் கூட்டிப்போனவரும் நீர்தான். நீர் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனைத் தெருக்காரி. கோர்ட்டுக்கு வருகிற கிளாக்கர்மாருக்குச் சோறு போட்டுக்கொண்டே மூச்சு விடாமல் கதைப்பார். நான் கை கழுவ மறந்து எழுதுவேன். "நீர் சோறு தின்ன வந்தனீரோ, அக்கான்ர வாயைத் தின்ன வந்தனீரோ?" என்று கேட்டீர். அவரிடம் மட்டும் பன்னிரண்டு அட்டைகள் எழுதினேன். அந்த ஆண்டில் என் கைக்கு வந்த சிறந்த பேச்சு அதுதான்.

ஆண்டின் முதல் நாளில் புது மாணவர்களுக்கு முன்னால் அட்டைகளைப் பெயர் விலாசத்துடன் உரத்து வாசிப்பது நம் துறையின் வழக்கம். விருந்தினரும் வருவார்கள். அன்று காலை என் பெட்டியைத் திறந்தேன். பிலோமினா அக்காவின் அட்டைகள் ஒன்றுகூட இல்லை.

என் சந்தேகம் உடனே உம்மீதுதான் போனது. சனிக்கிழமை துறைப் பூட்டின் திறப்பை வாங்கிப்போனவர் நீர். வெள்ளவத்தையிலிருந்து தினமும் என்னோடு ரயிலில் வருகிறவர், அன்று எனக்கு முன்பே வந்திருந்தீர். முகம் கொடுத்துக் கதைக்கவுமில்லை.

"என்ர அட்டையள எடுத்தனீரோ?"

"ஓம், எடுத்தனான்."

"எங்க இப்ப?"

"இல்லை. அதோட விடும்."

"ஏன் எடுத்தனீர்?"

"அதை மட்டும் கேக்காதையும், மச்சான்."

நான் ஏன் கேட்க வேண்டும்? காரணம்தான் எனக்குத் தெரியுமே! நேரே துறைத் தலைவரிடம் போய், வேலைக்காக என் உழைப்பைக் களவெடுத்துவிட்டார் என்றேன். அவர் உம்மைக் கூப்பிட்டு விசாரித்தார். நீர் வாயே திறக்கவில்லை. அந்த வாரமே உம்மை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் வேலை எனக்குக் கிடைத்தது. நீர் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தப் போனீர் என்று கேள்விப்பட்டேன். என் அட்டைகளை வைத்து எங்காவது கட்டுரை எழுதுகிறீரோ என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு சஞ்சிகையாகப் புரட்டினேன்.

போன வருடம் நெருப்புக் காய்ச்சலில் நீர் போய்விட்டீர். செத்தவீட்டுக்கு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உம்முடைய முகத்தைப் பார்க்குமுன் உம்முடைய புத்தக ராக்கையைத்தான் பார்த்தேன்.

பிலோமினா அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தேடுறீங்க ஐயா? அந்த அட்டையளையோ? என்ர அடுப்பிலதான் போட்டவர்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். கூப்பனுக்கு அளந்து கொடுத்த அரிசியில் கடை நடத்த முடியாமல், களவாக வந்த அரிசியில்தான் அவர் சோறு போட்டார். அந்த அரிசி எந்த லொறியில், யார் கையால் வருகிறது என்பதையெல்லாம் என்னிடம் கதையோடு கதையாகச் சொல்லியிருந்தார். நானும் சொல் பிசகாமல் எழுதினேன். எப்படிச் சொன்னார் என்று கேட்டேனே தவிர, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அந்த முதல் நாளுக்குத் தலைவர் அழைத்திருந்த விருந்தினர், களவு அரிசி பிடிக்கிற உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அது சனிக்கிழமைதான் உமக்குத் தெரிய வந்ததாம்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க விடமாட்டீங்களாம். ஒரு எழுத்தையும் மாத்த விடாத மனிசனாம். பெரியவரிட்டச் சொன்னா அட்டையில என்ன இருந்ததெண்டு கேப்பாராம். அதால வாயை மூடிக்கொண்டு போனவர்."

அப்போதும் என் புத்தி போகவில்லை. "இதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டுவிட்டேன், உம்முடைய சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எழுதினதுதானே ஐயா சாட்சி. அதைத்தானே அவர் எரிச்சவர்" என்றார்.

இந்த ஒரு வருடத்தில் இதைத் துறையில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அக்காவுக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதையும் நான் நம்பவில்லை. அரிசி லொறியை இப்போது யார் தேடப்போகிறார்கள்? நான் காப்பாற்றுவது என் வேலையைத்தான்.

இன்று புது மாணவர்கள் முன்வரிசையில் பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "மனிதர் சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்" என்று தொடங்கினேன். உம்மைக் கள்ளன் என்று சொன்ன அதே வாயால்தான் சொன்னேன். நா ஒரு சொல்லில்கூடத் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாயிருக்கிறது.